பார்வதியின் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை

நூல்கண்டு வாங்கினால் டெய்லர் அக்கா முதலில் அதைக் கடித்துப் பார்ப்பார். பிறகு ஒரு முழம் உருவி, இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். அறுந்துபோனால் கடைக்காரர் ஏமாற்றுக்காரர். அறாவிட்டால் நூலில் எதையோ கலந்திருக்கிறார். கடைசியாக நுனியைத் தீக்குச்சியில் கருக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். "பருத்தின்னா காகிதம் எரிஞ்ச வாசம் வரணும். வேற வாசம் வந்தா வேற நூல். கடைக்காரர் வாய் பொய் சொல்லும், ஒட்டியிருக்கற சீட்டு பொய் சொல்லும். கருகின வாசம் பொய் சொல்லாது தம்பி." அந்தக் கடைக்காரர் அக்காவுக்கென்றே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறார், பாவம்.

அக்காவின் தையல்கடை ஒரு பழைய கட்டிடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. குனியாமல் நுழைந்தால் மண்டை இடிக்கும். இடித்துக்கொள்ளாமல் ஒரு புது ஆள் உள்ளே வந்துவிட்டால், "இவன் முன்னாடியே வந்து நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கான்" என்று என்னிடம் கண்ணைக் காட்டுவார். மெஷினைச் சுவரோரமாக, வாசலைப் பார்க்கும்படி போட்டிருக்கிறார். கத்தரிக்கோலை மேஜைக் காலோடு கயிற்றால் கட்டியிருக்கிறார். கையில் வளையல், வளையலில் கொத்தாக ஊக்குகள், கழுத்தில் அளவெடுக்கும் டேப். அந்த டேப் இல்லாமல் அவரை நான் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை, சாவு வீட்டிலும் பார்த்ததில்லை.

யார் வந்தாலும் இரண்டு தடவை அளப்பார். அவசரக்காரர்கள் முணுமுணுத்தால் பதில் தயாராக இருக்கும். "முதல் தடவ டேப்பு மேல பட்டதும் எல்லாரும் மூச்ச இழுத்துக்குவாங்க, வயித்த எக்கிக்குவாங்க. ஒருத்தர் பாக்கி இல்ல. அது அவங்க இருக்க ஆசப்படற அளவு. மூச்ச விட்டப்புறம் எடுக்கறதுதான் அவங்க அளவு." ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியில்கூட அவருக்கு ஒரு குறை உண்டு. எத்தனை தடவை அளக்கவேண்டும் என்று சொன்னவன் சொல்லாமல் போய்விட்டானாம்.

இந்த அக்காதான் எங்கள் நாடகக் குழுவில் பார்வதிக்கு அம்மா.

நான் அந்தக் குழுவில் வசனம் எடுத்துக்கொடுக்கிறவன். பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பகலில் எல்லாருக்கும் வேறு வேறு வேலை. ஓய்வுநாள் மாலையில் ஒரு பொது மண்டபத்தில் கூடுவோம். வருஷா வருஷம் ஒரே நாடகம்தான் போடுகிறோம். சிவன் பார்வதி கல்யாணம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சினிமாவில் பார்த்திருப்பீர்கள், திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். பார்வதி தவம் கிடந்து சிவனின் மனத்தை ஜெயிக்கிறாள். மாப்பிள்ளை உடம்பெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு, கழுத்தில் பாம்போடு, பேய் பிசாசுகளை மாப்பிள்ளை வீட்டாராகக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். பெண்ணின் அம்மா, மலையரசி மேனை, இவனுக்கா என் பெண் என்று மறுக்கிறாள். பிறகு சிவன் அழகான உருவம் எடுக்க, எல்லாரும் சமாதானமாகிக் கல்யாணம் நடக்கிறது.

அக்கா எங்களிடம் வந்தது வேஷங்களுக்குத் துணி தைக்கத்தான். ஒத்திகை நடக்கும்போது ஒரு மூலையில் உட்கார்ந்து ஜரிகை ஒட்டிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை ஊர்வலக் காட்சி வந்ததும் வாய் சும்மா இருக்காது. "இப்படி ஒருத்தன் வந்தா வாசப்படி தாண்ட விடுவேனா. அப்பன் பேரு கேட்டா தெரியாதுங்கறான், ஊரு கேட்டா மலைங்கறான். இத விசாரிக்க ஒரு நாதி இல்லியா அந்த வீட்டுல." எங்கள் நாடக வாத்தியார் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது மேனையாக நடித்த பள்ளிக்கூட டீச்சர் மாற்றலாகிப் போனதும், நேராக மூலைக்குப் போய் அக்காவின் கையிலிருந்த ஜரிகையை வாங்கிக் கீழே வைத்தார்.

வந்த முதல் நாளே தகராறு. புத்தகத்தில் மேனை மாப்பிள்ளையைக் கண்டதும் மயங்கி விழவேண்டும். சினிமாவிலும் அப்படித்தான் விழுகிறாள். அக்கா விழ மறுத்துவிட்டார். "பெத்தவ எதுக்கு சார் விழணும்? நான் விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள அவன் தாலியக் கட்டிட்டுப் போயிடுவான். அந்த நேரத்துலதான் கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்கணும்." வாத்தியார் கெஞ்சினார், மிரட்டினார், நான் புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். புத்தகத்தையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் மேனை மயங்குவதில்லை.

சிவன் அழகனாக மாறி வரும் காட்சியில் எல்லாரும் கைகூப்பி நிற்க, அக்கா மட்டும் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காதுமடலுக்குப் பின்னால் பார்ப்பார். விரலால் தொட்டு, சாம்பல் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்ப்பார். "குளிச்சுப் பட்டு கட்டிட்டா ஆள் மாறிடுவானா? திடீர்னு ஒருத்தன் அழகாயிட்டாத்தான் ஜாஸ்தி கவனிக்கணும்" என்று எங்களுக்கு விளக்கம் வேறு. இப்போது நாடகம் பார்க்க வருகிறவர்கள் அந்த ஒரு சுற்றுக்காகவே வருகிறார்கள். எங்கள் வாத்தியாருக்கு அதில் உள்ளூர எரிச்சல். ஆனால் கைதட்டலை யார் வேண்டாம் என்பார்கள்?

இந்தச் சந்தேகத்துக்கு எங்கே விதை விழுந்தது என்று கேட்டால் அக்காவே சொல்வார். அவரைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையைப் பற்றி நாலு பக்கமும் விசாரித்தார்களாம். விசாரித்த இடமெல்லாம் தங்கமான பையன் என்றே சொன்னார்களாம். அந்தத் தங்கமான பையன், குழந்தை நடைபழகிக்கொண்டிருந்த சமயத்தில், வெளியூரில் ஒரு வேலை என்று பெட்டியோடு கிளம்பினார். பிறகு அவர் இன்னொரு வீட்டில் குடும்பம் நடத்துவது தெரியவந்தது. "போகும்போது நல்ல சட்டையா பாத்துப் பாத்து எடுத்தான் தம்பி. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். நான் என்ன பண்ணேன் தெரியுமா, எல்லாத்தையும் இஸ்திரி போட்டுக் குடுத்தேன்." இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

அன்று நடைபழகிய குழந்தைதான் இன்று எங்கள் பார்வதி. பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்கா, இல்ல முன்ன இருந்தது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்கிற பெண். அம்மாவைப் பற்றி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அம்மாவுக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல மாமா. கிட்ட இருக்கறதும் தெரியும், தூரத்துல இருக்கறதும் தெரியும். இல்லாததும் தெரியும்."

சிவனாக நடித்துக்கொண்டிருந்த பேங்க் அதிகாரிக்குத் தொப்பை வைத்துவிட்டது. புது சிவனைத் தேடினோம். வந்தவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் பிண வண்டி ஓட்டுகிறவர். ஒடிசலான உடம்பு, அதிகம் பேசாத ஆள். தவக்கோலத்தில் நில்லுங்கள் என்று வாத்தியார் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய், பேச்சு சுவாரஸ்யத்தில் அவரை மறந்தே போனார். திரும்பி வந்தால் மனிதர் அதே நிலையில் நிற்கிறார், மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது. எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு, "அவசரப்பட்டுப் பழக்கமில்ல சார். என் வண்டில ஏறினவங்க யாரும் சீக்கிரம் போன்னு சொன்னதில்ல" என்றார். அவருக்கு அப்பா அம்மா கிடையாது. ஒரு விடுதியில் வளர்ந்தவர். சிவன் வேஷத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று வாத்தியார் கையைத் தேய்த்துக்கொண்டார்.

வேஷத்துக்குப் பொருத்தம், சரி. அக்காவின் பெண்ணுக்கும் அவரையே பிடித்துப்போனதுதான் வினை. ஒளிவுமறைவு கிடையாது. அந்தப் பெண் அம்மாவிடம் நேரடியாகச் சொல்லிவிட்டாள்: "கட்டினா அவரத்தான் கட்டிக்குவேன். ஆனா நீ சரின்னு சொல்லாம கட்டிக்க மாட்டேன்." அக்கா மெஷினை நிறுத்தாமல், "பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு மழைக்காலம் வந்து, போய், வெயில் வந்துவிட்டது. அந்தப் "பார்ப்போம்" அப்படியே இருந்தது. வண்டிக்காரரும் அவசரப்படவில்லை, அந்தப் பெண் மட்டும் இளைத்துக்கொண்டு வந்தாள். அவள் ரவிக்கையைப் பிடித்துத் தைக்கும்போது அக்கா அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. ஒரே பெண்ணை யாரிடம் கொடுப்பது என்கிற கேள்வி அந்த மாடிப்படிக்கு அடியில் எந்நேரமும் உட்கார்ந்திருந்தது.

மேடையிலும் அது வந்துவிட்டது. மேனைக்குப் புத்தகத்தில் ஒரு வசனம் உண்டு: "தாய் இல்லை, தந்தை இல்லை, குலம் தெரியாது, இருப்பிடமோ சுடுகாடு. இவருக்கா என் மகள்?" பேங்க் அதிகாரியிடம் இதைச் சொல்லும்போது ஜனங்கள் சிரிப்பார்கள். வண்டிக்காரரிடம் அக்கா சொல்லும்போது மண்டபத்தில் ஒரு இருமல் கேட்காது. அவர் தலையைக் குனிந்துகொள்வார். அப்படிக் குனியவேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. கல்யாணம் முடிகிற இடத்தில் மேனை "என் மகளை உமக்குத் தந்தேன்" என்று சொல்லவேண்டும். பேங்க் அதிகாரிக்குத் தாராளமாகத் தந்துகொண்டிருந்தவர், இவர் வந்த பிறகு அந்த வசனத்தை விட்டுவிட்டார். நான் பக்கத்திரையிலிருந்து "தந்தேன், தந்தேன்" என்று தொண்டை வறள எடுத்துக்கொடுப்பேன். அக்கா ஜனங்களைப் பார்த்து, "பார்ப்போம்" என்பார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்.

சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார். இல்லாத ஒரு சித்தப்பாவைச் சாகடித்து, வண்டி வேண்டும் என்று ஜன்னலில் கேட்டார். வண்டிக்காரர் கண்ணில் படாமல் ஒரு தூண் மறைவில் நின்று, அவர் யாரோ ஒருவருடைய சொந்தக்காரர்களிடம் பேசுவதையும், வண்டியின் பின்கதவைச் சாத்துவதையும் பார்த்தார். வந்து என்னிடம் சொன்னார். "கதவ மெதுவாத்தான் சாத்துறான் தம்பி."

"நல்லதுதானே அக்கா."

"அழறவங்க நிக்கறாங்க, மெதுவாத்தான் சாத்துவான். ஆள் இல்லாத இடத்துல எப்படிச் சாத்துறான்னு பாக்கணும்."

அதையும் பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் காத்திருந்தாராம். யாரும் இல்லை, வண்டியும் காலி. அப்போதும் அந்த மனிதர் கதவை மெதுவாகவே சாத்தினாராம். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அக்காவுக்கு அன்றைக்குத்தான் தூக்கமே போயிற்று. "காலி வண்டிக்கு எதுக்கு மெதுவா சாத்தணும்? நான் நிக்கறது தெரிஞ்சிருக்கு." அந்த மனிதர் தங்கியிருந்த அறையின் சொந்தக்காரரைப் பிடித்தார், டீக்கடையில் கேட்டார், வண்டி கழுவுகிறவரிடம் கேட்டார். எல்லாரும் நல்ல பையன் என்றார்கள். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க தம்பி. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. ஒருத்தர்கூட ஒரு குத்தம் சொல்லலன்னா, குத்தத்த எங்க வெச்சிருக்கான்?" வெளுத்ததெல்லாம் பால் இல்லைதான். அதற்காக நிஜப் பாலையும் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால் திரிந்துவிடாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, கத்தரிக்கோல் பக்கத்தில் இருந்தது.

அந்த மனிதர் அக்காவை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று பட்ட பாடு தனிக்கதை. வந்த புதிதில் எங்கள் எல்லாரையும்போல "அக்கா" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா. நான் அக்கான்னா இவன் எனக்குத் தம்பி. என் பொண்ணுக்குத் தாய்மாமன். தாய்மாமனுக்கு உரிம உண்டுல்ல. கணக்குப் போட்டுத்தான் கூப்பிடறான்." இது எப்படியோ அவர் காதுக்குப் போய், பயந்துபோய், "அம்மா" என்று மாற்றினார். அதற்கும் வந்தது: "எனக்குப் புள்ளன்னா அவளுக்கு அண்ணன். அண்ணன் பாக்கற பார்வையா அது? முறையே தெரியாதவனுக்கு எப்படிக் குடுக்கறது?" அத்தை என்று கூப்பிட அவருக்குத் தைரியமில்லை. கடைசியில் எந்த முறையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, அக்கா எதிரில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். அக்கா நிமிர்ந்து பார்ப்பார். பேச்சு தொடங்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவருக்கு அக்கா அளவே எடுக்கவில்லை. பேங்க் அதிகாரியின் தொப்பைக்குத் தைத்த புலித்தோலை வளைத்துச் சுருக்கி, ஊக்குகளால் குத்திவிட்டார். மேடையில் சிவன் திரும்பினால் இடுப்பில் ஊக்குகள் மின்னும். புதிதாக ஒன்று தைத்துக்கொடுங்கள் என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். "அளவு எடுத்தா துணிய வெட்டணும். வெட்டின துணிய ஒட்ட முடியுமா சார்? இவன் இருக்கறானா போறானான்னு தெரியட்டும்" என்றார். குழுவில் எல்லாருடைய அளவும் அக்காவின் நினைவில் இருக்கும், என் கழுத்து உட்பட. இவருடையது மட்டும் இல்லை.

இப்போது எங்கள் குழுவின் ஒரு வழக்கம். எங்கள் மேடையில் தாலிக்கு முடிச்சுப் போடுவதில்லை. முன்பு வேறொரு சிவன் உணர்ச்சி மிகுதியில் நிஜமாகவே முடிச்சுப் போட்டுவிட, அந்தப் பார்வதியின் வீட்டுக்காரர் முன்வரிசையிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டார். விஷ்ணு வேஷத்தில் இருந்த வாத்தியார் குறுக்கே விழுந்து, கிரீடம் நசுங்கி, ஒருவழியாக விலக்கினார். அன்றிலிருந்து வாத்தியார் சொல்வது இது: "நம்ம மேடையில முடிச்சு விழுந்தா விழுந்ததுதான். கல்யாணம் ஆனதாத்தான் அர்த்தம். அவுத்து வைக்க என்னைக் கூப்பிடாதீங்க." அதனால் மஞ்சள் நூலின் ஒரு முனையில் ரவிக்கைக்கு வைக்கிற பித்தளைக் கொக்கி, மறுமுனையில் வளையம். சிவன் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கொக்கியை மாட்டிவிடுவார். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முடிச்சுப் போடுவதாகவே தெரியும். கொக்கி தைப்பது அக்காவின் வேலை. ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துத்தான் தட்டில் வைப்பார்.

போன மாதம் நாடகம் நடந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேனை மயங்கவில்லை, சிவனைச் சுற்றி வந்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், கைதட்டல் கூரையைத் தூக்கியது. தாலி கட்டும் இடம் வந்தது. பார்வதி ஜனங்களைப் பார்த்து நிற்க, சிவன் அவளுக்குப் பக்கவாட்டில், மேனை தட்டோடு இருவருக்கும் பின்னால். நான் உட்கார்ந்திருக்கும் பக்கத்திரை மேனையின் பக்கம். அவளுடைய பின்கழுத்து அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

வண்டிக்காரர் நூலைக் கழுத்தில் போட்டு இரண்டு முனைகளையும் பின்னால் கொண்டுவந்தார். விரல் கொக்கியைத் தேடியது. மறுபடி தேடியது. கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நூல் இருந்தது.

என் மனம் போன போக்கைச் சொல்லிவிடுகிறேன். இவன்தான் கொக்கியைப் பிய்த்திருக்கிறான் என்றுதான் உடனே நினைத்தேன். இத்தனை நாள் பூனைபோல இருந்தது இதற்குத்தான். இப்போது முடிச்சைப் போட்டுவிட்டு, விழுந்த முடிச்சு விழுந்ததுதான் என்று வாத்தியார் வாக்கையே காட்டுவான், அக்கா சொன்னது அத்தனையும் சரி. நூலில் முடிச்சுக்குத் தாராளமாக நீளம் இருந்தது. முடிச்சுப் போட்டால் பெண் அவனுக்கு. விட்டுவிட்டால் அத்தனை ஜனங்களுக்கு முன்னால் தாலி தரையில் விழும், அந்தப் பெண்ணுக்கு அவமானம்.

அவர் முடிச்சும் போடவில்லை, விடவும் இல்லை. இரண்டு முனைகளையும் சேர்த்து விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மேளம் முழங்கியது. நான் வழக்கம்போல "தந்தேன்" என்று எடுத்துக்கொடுத்தேன். "பார்ப்போம்" என்றார் அக்கா, ஜனங்களைப் பார்க்காமல், அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு. ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்து வாழ்த்துப் பாட்டு. அந்த நேரத்தில் சிவன் கையை எடுத்து, முன்னால் திரும்பி, வலதுகையால் ஆசி கொடுக்கவேண்டும். வாத்தியார் விஷ்ணுவாக நின்றபடி என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "ஆசி, ஆசி" என்று நான் சன்னமாகச் சொன்னேன். வண்டிக்காரர் அசையவில்லை.

பாட்டு நீளமான பாட்டு. கைதட்டல் ஓயாததைக் கண்டு ஆர்மோனியக்காரர் முதலிலிருந்து இன்னொரு தடவை ஆரம்பித்துவிட்டார், அந்த ஆளை என்ன செய்வது. வண்டிக்காரர் தோளுக்கு மேல் தூக்கிய கைகள் மெல்ல நடுங்க ஆரம்பித்தன. முழங்கையிலிருந்து வேர்வை சொட்டி, பூசிய சாம்பலில் கோடு விழுந்தது. பார்வதி உதடு அசையாமல் பேசியது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதென்றால் அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

"கொக்கி இல்லியா?"

"இல்ல."

"கை நடுங்குது உங்களுக்கு. முடிச்சப் போட்டுடுங்க."

"உங்கம்மா இன்னும் சொல்லலியே."

அக்கா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தார். தட்டில் இருந்த குங்குமக் கிண்ணம் கடகடவென்று ஆடியது. மேனையாக அவர் நடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கை ஆடி நான் பார்த்ததில்லை.

திரை விழுந்தது. அப்போதும் வண்டிக்காரர் நூலை விடவில்லை. வாத்தியார் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு பாய்ந்து வந்தார். "ஆசி குடுக்காம என்னய்யா சிலை மாதிரி நிக்கறே? யார் பாத்த வேலை இது?"

வண்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார். அக்காவைப் பார்த்து, எந்த முறையும் வைக்காமல், "கொக்கியக் காணோம்" என்றார்.

அக்கா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் பக்கம் போனார். நூல் முனைகளை வாங்கிக்கொள்ளப் பார்த்தார்; விரல்கள் விறைத்திருந்தன, ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. தாலியைப் பெண்ணின் கழுத்திலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் வளையலில், ஊக்குகளுக்கு நடுவில், அந்தப் பித்தளைக் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்த மஞ்சள் நூல்கூட அதில் ஒட்டியிருந்தது. நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார், மறைக்கவில்லை. அந்த மனிதரைப் பற்றிச் சற்றுமுன் நினைத்ததை நினைத்து எனக்கு முகம் சுட்டது.

பெண்ணும் பார்த்துவிட்டாள். "அம்மா. நீயா?"

"ஆள் இல்லாத இடத்துல கதவ எப்படிச் சாத்துறான்னு பாக்க வேணாமா?"

"அவர் முடிச்சுப் போட்டிருந்தா?"

"அவுத்துப் போட்டுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். வாத்தியார் சட்டம் வாத்தியாரோட."

"கீழ விட்டிருந்தா?"

"அப்பவும் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அந்தப் பெண்ணுக்குக் கோபத்தில் கண் நிறைந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றித் தூக்கி எறியப்போகிறாள் என்று வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார், அது வாடகை மாலை. வண்டிக்காரர் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல, பாதி சாம்பலும் பாதி வேர்வையுமாக நின்றார். புலித்தோல் ஒரு ஊக்கு அவிழ்ந்து இடுப்பிலிருந்து சரிந்துகொண்டிருந்தது. அக்கா அதைக் குனிந்து பார்த்தார். அந்த ஊக்கைத் திரும்பக் குத்தப்போகிறார் என்று நினைத்தேன். குத்தவில்லை, பிடுங்கித் தன் வளையலில் மாட்டிக்கொண்டார்.

"கையத் தூக்கு."

அவர் தூக்கப் பார்த்தார். அவ்வளவு நேரம் தூக்கியிருந்த கைகள் இப்போது எழவில்லை. அக்காவே அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு கையை உயர்த்தினார், பிறகு மறுகையை. மலையரசிப் பட்டுக்குள்ளிருந்து டேப்பை உருவி, அவர் முதுகுப்பக்கமாகக் கொண்டுவந்து மார்பில் சேர்த்தார். டேப் மேலே பட்டதும் அந்த மனிதர், எல்லாரையும்போல, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அளவைப் பார்த்தார். பெண் அழுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் கையையே பார்த்தாள்.

"மூச்ச விடு" என்றார் அக்கா.

விட்டார். அக்கா டேப்பை மறுபடி முதலிலிருந்து வைத்தார்.